வராதவர்கள் நோட்டு

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு) பழைய ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று சில வருஷங்களுக்கு முன்னால் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கட்டடக் குழுவில் நானும் ஒருவன். இரட்டைக் கோபுரம், முகப்பில் வளைவு, உள்ளே தூணே இல்லாத மண்டபம், பக்கத்தில் சுரூபம் வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி. வரைபடத்தை ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டியும் விட்டோம். புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்கா மாதிரி கோபுரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். அது 1907-இல் கட்டி முடித்த கோயில், 2011-இல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. இருநூற்றுச் சொச்சம் குடும்பம் இருக்கிற கடலூர் ஓரத்துப் பங்குக்கு அதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பங்குத்தந்தை மாறினார். புதிதாக வந்தவர் முதல் பங்குப் பேரவைக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார், மடித்து மேசையில் வைத்தார். அப்புறம், "போன ஞாயிறு பூசைக்கு யார் யார் வரலை?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. யார் வந்தார்கள் என்று கேட்டிருந்தால் யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பது வரைக்கும் சொல்லியிருப்போம். திருவிழா வரி பாக்கி யார் யார் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன், அந்த லிஸ்ட் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

குடும்பப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள், மீதியில் பாதிப் பேர் ஊர் மாறிப் போனவர்கள். அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். வீடு, வராதவர், காரணம், யார் போய்ப் பார்ப்பது என்று நான்கு கட்டம். ஒவ்வொரு அன்பியத்துக்கும், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழுவுக்கும், ஒரு நோட்டு. பங்கின் வளர்ச்சி என்று நான் இன்றைக்கு எதையாவது காட்ட முடியும் என்றால் அந்த நோட்டுகளைத்தான் காட்டுவேன்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1614-இல் ரோமில் வெளியான சடங்கு நூலே ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, இறப்பு ஏடு இவற்றோடு 'ஆன்மாக்களின் நிலை' என்று ஒரு ஏட்டையும் ஒவ்வொரு பங்கும் வைத்திருக்க வேண்டும் என்றது. வீடு வீடாக யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்கிற கணக்கு. நம் பக்கத்துக் கிளைக்கிராமங்களில் இந்தக் கணக்கு, சாமியார் இல்லாத நேரம் ஜெபமும் மறைக்கல்வியும் சொல்லித்தருகிற உபதேசியார் தலைக்குள் இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்கு ஜெபம் தெரியவில்லை என்பதெல்லாம் உபதேசியாருக்குத் தெரியும். இப்போது சாமியார் கூடவே இருக்கிறார், ஒலிபெருக்கி இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் கணக்குத்தான் இல்லாமல் போனது.

முதல் வாரம் நான் போனது கோயிலில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பாட்டி வீடு. முழங்கால் மடங்காது. "நான் பூசைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது தம்பி. என்னா ஏதுன்னு யாரும் வந்து கேக்கலியே, நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டது. அந்த இரண்டு வருஷத்தில் மாதா மாதம் அந்தத் தெருவுக்கு நான் கட்டட நிதிக்குப் போயிருக்கிறேன். பாட்டியின் மகனிடம் வாசலிலேயே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சிப்காட்டிலும் புதுச்சேரிப் பக்கத்துக் கம்பெனிகளிலும் ஷிப்ட் பார்க்கிற பையன்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. பக்தி இல்லாத தலைமுறை என்று இவர்களைப் பற்றிப் பிரசங்கமே கேட்டிருக்கிறோம். இதே பையன்கள்தான் ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள், கால் கொப்புளத்தோடு திரும்பி வருகிறார்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்தது என்று 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. எங்கள் பங்கில் சனி மாலைப் பூசையே இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. வேலை விட்டு வருகிறவன் யூனிஃபார்மோடு வந்து பின்னால் நிற்கிறான்.

ஒரு வீட்டில் கணவர் இந்து. கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. தனக்கு நற்கருணை (பூசையில் கொடுக்கிற அப்பம்) கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதினோரு வருஷமாகக் கோயில் வாசலோடு நின்றுவிட்டது அந்தப் பெண். ஆயரிடம் (பிஷப்) அனுமதி வாங்கித் திருமணத்தைச் சரிசெய்துகொள்ளலாம், கணவர் மதம் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது.

கத்தோலிக்கம் விட்டு பாஸ்டர்கள் நடத்துகிற ஜெபவீட்டுக்குப் போய்விட்டவர்களைப் பற்றிப் பேரவையில் எப்போதும் கோபமாகத்தான் பேசுவோம். கிடார் வாசித்து இழுக்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள் என்றெல்லாம். அப்படிப் போன ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். பிள்ளை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த பாஸ்டர் மூன்று ராத்திரி வராண்டாவில் கூடவே இருந்திருக்கிறார். "நம்ம பக்கம் இருந்து யாராவது வந்தாங்களாண்ணே?" என்று கேட்டார் அந்தத் தகப்பன். அவர் திரும்பி வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. அவருடைய அம்மா மட்டும் இங்கே வருகிறார், அவரே வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்.

சொல்லச் சங்கடமானது இனிமேல்தான் வருகிறது. நோட்டில் வராதவர்கள் அதிகம் இருந்தது காலனிப் பக்கம். காரணம் என்ற கட்டத்தில் பலர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு பெரியவர்தான் சொன்னார்: "தேர் எங்க தெருவுக்கு வராது. நாங்க மட்டும் எதுக்குங்க வரணும்?" கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது, ரோடு சரியில்லை என்று நாங்கள் வருஷா வருஷம் சொல்லிவந்த காரணம் எங்களுக்கே நம்பும்படி இல்லை. இந்த மறைமாவட்டத்துக்கு இது பழைய நோய். 1745-இல் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக்காரர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அதை இடித்தபோது எழுந்த தகராறைப் பற்றியும் அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. 2008-இல் இதே மறைமாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டு எழுந்த பிரச்சினை போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போனது. எங்கள் கோயிலில் சுவர் கிடையாது. ஆனால் தேர் எங்கே திரும்பியது என்று பார்த்தால் சுவர் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

தேர்ப் பாதையை மாற்ற இரண்டு திருவிழா ஆனது. முதல் வருஷம் கூட்டமே அடிதடியில் முடியும் போல ஆகிவிட்டது. இரண்டாம் வருஷம் தேர் காலனிக்குள் போனது. நாலைந்து வீட்டார் திருவிழா வரி கொடுப்பதை நிறுத்தினார்கள், இன்னும் கொடுக்கவில்லை. அதில் ஒருவர் எனக்குச் சொந்தம், இப்போது பேச்சு வார்த்தை இல்லை. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான்.

அங்கேயே இன்னொரு விஷயமும் தெரிந்தது. சில வீடுகள் பதிவேட்டில் பெயர் ஏறுவதையே விரும்பவில்லை. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. பிள்ளையின் சாதிச் சான்றிதழை நினைத்துப் பயப்படுகிற தாயிடம் வந்து பேர் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அந்த வீடுகளை நோட்டில் எழுதவில்லை. போய்ப் பார்ப்பது மட்டும் நடக்கிறது. ஒரு பங்கில் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பங்குப் பேரவை வேண்டுமா வேண்டாமா என்பதை ஆயர் முடிவு செய்யலாம். ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும், மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நான் முன்னே சொன்ன அதே திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. எங்களிடமும் நிதிக்குழு இருந்தது, பேப்பரில். இப்போது மாதம் முடிந்ததும் வரவு செலவு வாசல் பலகையில் ஒட்டப்படுகிறது. பூ எவ்வளவு, மெழுகுவர்த்தி எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று. முதல் மாதம் பூசை முடிந்தும் ஜனம் வீட்டுக்குப் போகவில்லை, பலகை முன்னால்தான் கூட்டம். உண்டியல் வரவு கூடியிருக்கிறது. ஆனால் பூச்செலவைப் பற்றி ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அது தனித் தலைவலி.

இந்த நோட்டால் என்ன பெரிய பிரயோஜனம் என்று குறைபட்டுக்கொண்டிருந்தவர்களும் உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, முதல் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நாள். பூசைக்கு ஆறு பேர்தான் வந்தோம், முழங்கால் அளவு தண்ணீரில். கோயில் ஓடு நிறையப் போயிருந்தது. வடக்குப் பக்கம் வானம் தெரிந்தது.

பூசை முடிந்ததும் அன்பியத்து அக்கா ஒருவர் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தார். சத்துணவில் வேலை பார்க்கிறவர். தனியாக இருக்கிற கிழவிகள் யார், நடக்க முடியாதவர்கள் யார், கைக்குழந்தை எந்த வீடு என்று வரிசையாகப் படித்தார். நாங்கள் ஆளுக்கு மூன்று வீடு பிரித்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரை தாண்டியபோது பள்ளத்து வீடுகளைக் காலிசெய்ய வைத்ததும் அதே வரிசைப்படிதான். அதற்குள் அந்த நோட்டில் பக்கத்து வீட்டு இந்துக்கள், முஸ்லிம்கள் பெயரும் பென்சிலில் ஏறியிருந்தது. கோயிலிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தோம். முழங்கால் மடங்காத அந்தப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி வந்தோம். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் கோயிலுக்கு வந்தது, ஓடு போன இடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னாடா இப்பிடி வச்சிருக்கீங்க" என்று திட்டியது.

அதனால் கட்டட வேலை எங்களுக்கும் இருக்கிறது. கோபுரம் இல்லை, ஓடு மாற்றுகிற வேலை. ஓடா தகரமா என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டு முடிந்தது. பங்குத்தந்தைக்கும் சீக்கிரம் மாற்றல் வரும் என்கிறார்கள். வரட்டும். அவர் போனதோடு நோட்டும் போய்விடும் என்றால் நாங்கள் இத்தனை நாள் செய்தது அவருக்கு உதவி மட்டும்தான்.

போன வாரம் அந்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். டீ குடித்தார்கள். நோட்டு மடியில் இருந்தது. என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் ஞாயிறு பத்து மணி வரை தூங்குவான், அவன் கோயில் பக்கம் போய் எத்தனை நாளாயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஊருக்கெல்லாம் போய்க் காரணம் கேட்ட நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவானோ என்று பயம்.

அக்கா அவன் பெயரை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி விடுங்கண்ணே, தீபாவளி லீவுக்குத் தம்பி வரும்ல, நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லி, யார் போய்ப் பார்ப்பது என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்.