1,780 லிட்டர் எப்போது கிடைக்கும்?
2014-இல் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் பஸாட் காரில், செடானின் (தனி டிக்கி உள்ள வடிவம்) 586 லிட்டர் சாமான் கொள்ளளவையும் வேகனின் (கூரை பின்கதவுவரை நீளும் வடிவம்) 1,780 லிட்டரையும் அருகருகே வைத்து, வேகனில் மூன்று மடங்கு பொருள் ஏற்றலாம் என்று சொல்வது வாங்க நினைப்பவரைத் திசைதிருப்பும். அந்த 1,780 லிட்டர், பின்னிருக்கைகளை மடித்துக் கூரைவரை அடுக்கினால் மட்டுமே கிடைப்பது. ஐவரும் அமர்ந்திருக்கையில் வேகனின் கொள்ளளவு 650 லிட்டர்தான், அதாவது 64 லிட்டரே கூடுதல். வேகனின் உண்மையான பலன், என் மதிப்பீட்டில், இந்த லிட்டர் கணக்கில் இல்லை: பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலெழுவதால், செடானின் தாழ்ந்த டிக்கி வாயில் நுழையாத உயரமான அட்டைப்பெட்டியும் அதில் எளிதாக உள்ளே போய்விடும். ஆனால் பின்னிருக்கையில் ஆட்கள் இருக்கும்போது, தடுப்பு வலையில்லாமல் இருக்கையின் உயரத்தைத் தாண்டி அடுக்குவது, திடீரென பிரேக் பிடிக்கையில் அவர்கள் தலைக்கே ஆபத்தாகும்.