நெற்றியில் இட்ட சாம்பலை யாருக்காக அழிக்க வேண்டும்?

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, ஒரு நிறுவனத்தின் வரவேற்பு மேசையில், நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்த தங்கை ஒருவருக்கு நடந்ததை நான் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. "முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள், வாடிக்கையாளர்கள் வருகிற நேரம்" என்று அந்தத் தங்கைக்குச் சொல்லப்பட்டதும், அவர் மறுத்ததும், மறுநாள் அவரது கையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னை எழுத வைத்தது, அதற்குப் பிறகு நம் நண்பர்கள் பலர் மிகவும் நிதானமான குரலில் சொன்ன ஒரு வாக்கியம்: "மதம் தனிப்பட்ட விடயம், அதை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வர வேண்டும்."

என்னால் அப்படி வர முடியாது. நான் வேலைக்குப் போகும்போது என் விசுவாசமும் என்னோடு வருகிறது. கணக்கைச் சரியாக எழுதச் சொல்வதும், என்னிலும் கீழான பதவியில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாதே என்று தடுப்பதும் அதுதான். வேலையில் அதன் பலன் வேண்டும், அடையாளம் மட்டும் வேண்டாம் என்றால் அது நியாயமா?

அந்தச் சாம்பல் என்ன சொல்கிறது என்பதையாவது யோசித்துப் பார்த்தீர்களா? முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவூட்டி, மனம் திரும்பச் சொல்லிக் குருவானவர் அதை நெற்றியில் இடுகிறார். வாடிக்கையாளரை எதற்கும் அழைக்கிற செய்தி அதில் இல்லை. பூசிக்கொண்டவரைப் பார்த்து, உனக்கும் சாவு உண்டு, ஒழுங்காக நட என்று சொல்கிற அடையாளத்தால் யாருக்கு என்ன பாதிப்பு வந்துவிடும்?

"பணியிடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்" என்கிறீர்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. இங்கே பஸ்ஸில் ஏறினால் சாரதியின் தலைக்கு மேலே புத்தரோ பிள்ளையாரோ அந்தோனியாரோ விளக்கு வெளிச்சத்தில் இருப்பார், சில பஸ்களில் மூவரும் இருப்பார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களின் மணிக்கட்டில் பௌத்தர்கள் காப்பாகக் கட்டும் பிரித் நூல் இருக்கிறது, நெற்றியில் விபூதியும் பொட்டும் இருக்கின்றன, தலையில் முக்காடு இருக்கிறது. அவற்றை எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நாளை யாராவது சொன்னால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள், அந்தோனியாரின் முன்னால் வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் சைவர்கள், பௌத்தர்கள். புதிய கிளை திறக்கும்போது நான்கு மதத் தலைவர்களையும் அழைத்துக் குத்துவிளக்கு ஏற்ற வைப்பது இந்த ஊரின் வழக்கம். அந்த மேடையில் குருவானவருக்கு மாலை போடலாம் என்றால், ஊழியரின் நெற்றியில் ஒரு குருவானவர் இட்ட சாம்பல் மட்டும் எப்படிக் குறையாகிவிடுகிறது?

வேதாகமத்தை வைத்தே என்னை மடக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு செபம் செய், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள் என்று இயேசுவே சொல்லவில்லையா என்று கேட்கிறார்கள். சொன்னார். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கும் அந்தப் பகுதிதான் திருநீற்றுப் புதன் திருப்பலியில் நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் சாம்பலுக்காக வரிசையில் நிற்கிறோம், ஆகையால் அந்த எச்சரிக்கை எங்களுக்குப் புதிதல்ல. பிறர் புகழுவதற்காகச் செய்யாதே என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய 5ஆம் அதிகாரத்தில், விளக்கை ஏற்றி மரக்காலின் கீழ் வைப்பதில்லை என்று சொன்னவரும் அவரே. அந்தத் தங்கைக்கு அன்று கிடைத்தது புகழா? எச்சரிக்கைக் கடிதம் வாங்கித் தருகிற ஒன்றை ஒருவர் பெருமைக்காகச் செய்வாரா?

சட்டத்தைப் பேசுகிறவர்களுக்கு: 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்பது எனக்குத் தெரியும். 14(1)(உ) உறுப்புரையையும் வாசியுங்கள். தன் மதத்தை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் பின்பற்றலிலும், பகிரங்கமாகவோ தனிமையாகவோ வெளிப்படுத்தும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு என்கிறது அது. பகிரங்கமாக என்ற சொல் அங்கே எழுதப்பட்டே இருக்கிறது.

மதமாற்றக் குழுக்களைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. ஏழையின் பசியைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை நானும் ஏற்கவில்லை. அதற்கும், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனித யோசப் வாசுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது இந்த நகரமே திரண்டு நின்றது. இங்கே ஆண்ட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் அவர். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் அதைப் பார்த்துத்தான் அவரை அடையாளம் கண்டார்கள். அவரைத் துரத்திய ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், கடைசியில் அவருக்கு இடம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த அரசர். 1697இல் பெரியம்மை பரவி மக்கள் நோயாளிகளை விட்டு ஓடியபோது, மதம் பாராமல் அவர்களைத் தூக்கிக் கழுவி உணவூட்டியவரும் அவர்தான். செபமாலையும் அந்தச் சேவையும் ஒரே மனிதரிடம் இருந்தன. எதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருப்பீர்கள்?

என் அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். முதலாளி சைவர், காலையில் கல்லாவுக்குச் சூடம் காட்டாமல் வியாபாரம் தொடங்கமாட்டார். அப்பாவின் மேசையில் சிறிய அந்தோனியார் படம் ஒன்று இருந்தது. ஒருமுறை பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தொகையைக் குறைத்து இன்னொரு பில் எழுதச் சொன்னபோது அப்பா மறுத்துவிட்டார். முதலாளிக்குக் கடுமையான கோபம், பல நாட்கள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை மேசையில் வைத்திருக்கிற மனிதன் பொய்க்கணக்கு எழுதினால் கடையில் மூட்டை தூக்குகிறவர்கூடக் கேள்வி கேட்கலாம், அப்பாவும் அதை அறிந்தே வைத்திருந்தார். அடையாளத்தை மறைத்துவிட்டால் அப்படிக் கேட்கிற உரிமையும் மற்றவர்களிடமிருந்து போய்விடுகிறது.

இனி எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களுக்குப் போனவர்கள் திரும்பி வராத அந்த நாட்களில், கொழும்பின் அலுவலகங்கள் எல்லாம் எங்களோடு நின்றன. வெள்ளைத் துணி கட்டினீர்கள், மெழுகுதிரி ஏற்றினீர்கள், சிலுவைப் படத்தை உங்கள் பக்கங்களில் போட்டீர்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். நாங்கள் செத்தபோது எங்கள் சிலுவை பொதுவிடத்தில் இருக்கலாம், நாங்கள் உயிரோடு வேலைக்கு வரும்போது அது வீட்டில் இருக்க வேண்டும் என்றால் நாங்கள் எப்படித் தாங்குவது?

அதைவிட வலிப்பது, முகத்தைக் கழுவச் சொன்ன அந்த முகாமையாளரும் கத்தோலிக்கர் என்பது. அவரும் அன்று அதிகாலைத் திருப்பலிக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். மேலிடத்துக்குப் பயந்தாரோ, முன்கூட்டியே அடங்கிப் போவது பாதுகாப்பு என்று பழகிவிட்டாரோ, எனக்குத் தெரியாது. பௌத்தரான சக ஊழியர் ஒருவர்தான் அந்தப் பிள்ளைக்காகப் பேசியிருக்கிறார். அந்த மாடியில் இருந்த நம்மவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலை போய்விடும், குடும்பம் இருக்கிறது என்று சொல்வீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது.

ஆகவே, அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் கிறிஸ்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். தவக்காலம் இன்னும் முடியவில்லை. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை அந்தத் தங்கையின் பணிக் கோப்பிலிருந்து நீக்கும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள், கேட்கும்போது உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக் கையொப்பமிடுங்கள். கடிதத்தை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.