கோடியக்கரைப் புல்வெளியில் மரம் நட வேண்டாம்

மழைக்காலம் நெருங்கினாலே "கோடியக்கரைப் பக்கம் இவ்வளவு இடம் பொட்டலாகக் கிடக்கிறதே, ஆயிரம் கன்று நடலாமா" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1967இல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே முக்கியமாக வெளிமான் என்கிற, புல்வெளியில் வாழும் மானுக்காக. தூரத்தில் ஆபத்து வருவதைக் கண்ணால் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடித் தப்பிக்கிற விலங்கு அது, அதற்குப் புல்லும் வேண்டும், மறைப்பில்லாத வெளியும் வேண்டும். நிழல் தருகிறோம் என்று நாம் நடுகிற ஒவ்வொரு மரமும் அதன் இடத்தைத்தான் குறைக்கிறது.

ஏற்கெனவே சீமைக்கருவேலம் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் காய் இனிப்பு. மாடு தின்கிறது, காட்டில் திரியும் மட்டக்குதிரை தின்கிறது, வெளிமானும் தின்கிறது, சாணத்தோடும் புழுக்கையோடும் விழுகிற விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடுகிறது. 2017இல் உயர்நீதிமன்றம் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். அப்புறம் என்ன ஆனது? வேர் மிச்சமிருந்த இடமெல்லாம் திரும்பத் துளிர்த்தது. பிடுங்குவது ஒரு நாள் வேலை, பிடுங்கிய இடத்தைப் பல வருடம் பார்த்துக்கொள்வதுதான் மீட்பு, அதற்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு முத்துப்பேட்டையே சாட்சி. அலையாத்திக் காடு அழிவதற்கு ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று ரொம்ப நாள் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள், காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டியிருக்கிறார்கள். நிழல் போன சேற்றுத்தரை வெயிலில் காய்ந்து, சுருங்கி, தாழ்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிப்போய், அதில் ஒரு அலையாத்திக் கன்றுகூட முளைக்கவில்லை. அதனால் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள், நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன் முள்போலச் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்க நீர், ஏறி இறங்க ஆரம்பித்தது, உப்பு குறைந்தது, அதற்குப் பிறகுதான் நடவு. மீன்பிடிப்பதற்காகவே வாய்க்கால் வெட்டுகிற பழக்கம் அங்குள்ள மீனவர்களுக்கு உண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை வெறும் கூலிக்கு வைத்துக்கொள்ளாமல் கிராமத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டதால்தான் அந்த வேலை நிலைத்து நின்றது என்பது என் உறுதியான எண்ணம். அங்கேயும் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் பழைய நிலைதான்.

புல்வெளிக்கும் இப்படி ஒரு கூட்டு வேலைதான் தேவை. அறிவு இல்லாமல் இல்லை. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்குத் துறையினர் கோடியக்கரை வெளிமானையும் குதிரையையும் சீமைக்கருவேலத்தையும் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய அவற்றின் காலில் வளையம் போடுகிறது. எந்த மழைக்கு எந்தப் புல் வரும், எந்தத் தாழ்வான தரவை நிலத்தில் முன்பு தண்ணீர் நின்றது என்று சொல்ல ஊரில் மாடு மேய்க்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் மூவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பறவைகள் வந்து தங்கும் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்கும் இதே பேச்சுத்தான். 2022இல் இரண்டுமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டன, சந்தோஷம், ஆனால் அவை நிரம்புவது மேட்டூர்த் தண்ணீரை நம்பி. பாசன அதிகாரியும் ஆயக்கட்டு விவசாயியும் இல்லாமல் பறவை ஆய்வாளர் மட்டும் கூட்டம் போட்டுப் பயனில்லை.

அதனால், கன்று வாங்கப் பணம் திரட்டி வைத்திருக்கும் நண்பர்களே, கன்று வாங்குவதற்கு முன்னால் வனத்துறையிடம் போய்க் கேளுங்கள், அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் எதுவும் செய்யக்கூடாது. சீமைக்கருவேலம் எடுத்த இடத்தில் அடுத்த மூன்று வருடம் முளைகளைப் பிடுங்க உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறோம், எந்தப் புல் திரும்பி வருகிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் வருடாவருடம் குறித்து வைக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டால் நானும் பணம் தருகிறேன், ஆட்களையும் கூட்டி வருகிறேன்.