பிடிப்பது சரி, எப்போது விடுவது?

நியூயார்க் பாதாள ரயிலில் 2023 மே மாதம் ஜோர்டன் நீலி என்ற பயணியின் கழுத்தை வளைத்துப் பிடித்து, அவர் இறக்கக் காரணமானதாகக் குற்றம் சாட்டப்பட்ட சக பயணி டேனியல் பென்னியை, 2024 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது சரியே என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். நீலி போட்ட கூச்சலில் பயணிகள் நடுங்கிப் போனது உண்மை, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ரயில் நின்று, கதவு திறந்து, ஆட்கள் இறங்கிய பிறகும் பிடி தளரவில்லையே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நம் சிங்கப்பூர்ச் சட்டமும் தற்காப்புக்கு இடம் தருகிறது. பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றவும் பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தேவையான அளவுக்குத்தான், அதுவும் ஆபத்து இருக்கும்வரைதான்.

லிட்டில் இந்தியா வழியாகப் போகும் இரண்டு தடங்களிலும் ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. கதவோரம் இருக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினால் ஊழியரோடு பேசலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? போன மாதம் ஒருவர் கம்பியை ஓங்கி ஓங்கித் தட்டிக் கத்தினார். பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். (வேறென்ன செய்வார்கள்!) பொத்தானைத் தேடி அழுத்தியவர், தேக்கா சந்தைப் பையோடு நின்ற ஓர் அம்மா. அடுத்த நிலையத்தில் ஊழியர்கள் தயாராக நின்றார்கள்.

கத்தியை எடுத்தால் கதை வேறு. அப்போது நாலு பேர் சேர்ந்து மடக்கத்தான் வேண்டும். சரி, கையைப் பிடியுங்கள், காலைப் பிடியுங்கள். கழுத்தை மட்டும் தொடாதீர்கள். குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்காருவதும் வேண்டாம், அதிலும் மூச்சு நின்றுபோகும்.