சம்பளம் வாங்கவில்லை என்றால் போதுமா?

ராஜ்யசபா உறுப்பினர் ஒருவருக்கு வாரியத் தலைவர் பதவி கிடைக்கும்போதெல்லாம் "அவர் அதில் ஒரு பைசா கூட வாங்கவில்லையே" என்று சொல்வார்கள். அரசின்கீழ் 'ஆதாயம் தரும் பதவி' வகிப்பவர், சட்டம் விலக்கு தந்தாலொழிய, எம்.பி.யாக இருக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 102-வது பிரிவு. அதில் பதவி பறிபோன நடிகை ஜெயா பச்சனும் உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் சொன்னார்.

2004-ல் அவர் சமாஜ்வாதி கட்சியின் ராஜ்யசபா உறுப்பினர். அதே ஆண்டு உத்தரப் பிரதேச அரசு அவரைத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவராக்கியது. கேபினட் அந்தஸ்து, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், டிரைவரோடு கார், போன் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, 2006 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கலாம் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். வாங்கினாரா என்பது கேள்வியில்லை, வாங்கும் உரிமை இருந்ததா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பச் சரி. என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அரை கிரவுண்டு மனை வாங்கவே துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சாதாரண வாத்தியாருக்கே இத்தனை கட்டுப்பாடு. அப்படியிருக்க, அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர் அதே அரசு கொடுத்த காரில் போகலாமா? 102-வது பிரிவு தடுக்க நினைப்பது இதைத்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. மத்திய அரசுக்கு யோசனை சொல்லும் தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த சோனியா காந்தி எம்.பி. பதவியை ராஜினாமா செய்து, ரே பரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார். அது நேர்மையான வழி. ஆனால் நாடாளுமன்றமோ 50-க்கும் மேற்பட்ட பதவிகளுக்கு விலக்கு அளித்து, அதுவும் 1959-லிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டு, ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆலோசனைக் குழுவும் அதில் உண்டு, சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி தலைவராக இருந்த சாந்திநிகேதன் வளர்ச்சி ஆணையமும் உண்டு, திருப்பதி தேவஸ்தான வாரியமும் உண்டு.

கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்படி நியாயமான, வெளிப்படையான ஓர் அளவுகோல் வையுங்கள், முன்தேதியிடுவது சரியா என்றும் பாருங்கள் என்றார். எத்தனை பொறுமையான கேள்வி! ஒரு வரிகூட மாற்றாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். இரண்டாம் முறை வந்தால் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்பது அரசியலமைப்பு. ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

'ஆதாயம் தரும் பதவி' என்றால் என்ன என்று நம் அரசியலமைப்பில் இன்றும் விளக்கம் இல்லை. சட்டத்தில் விலக்குப் பட்டியல் மட்டும் இருக்கிறது.