சண்டைக்குப் பிள்ளை மட்டும்தான் காரணமா?

வீட்டில் சண்டை ஓயாதபோது, யாரோ ஒருவரைக் காரணமாக்கி அவரை மட்டும் மனநல ஆலோசனைக்கு அனுப்பிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலும் அந்த ஒருவர் வளரிளம் பருவத்துப் பிள்ளை. பிள்ளை போய்வந்து கொண்டிருக்கும், வீடு அப்படியேதான் இருக்கும். நாமே அறியாமல் மனத்தில் புதைந்திருக்கும் உணர்வுகளை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழியிலான குடும்பச் சிகிச்சை, "இந்தக் கோபம் உண்மையில் யாருடையது?" என்று வீட்டார் அனைவரையும் உட்காரவைத்துக் கேட்கிறது என்பதாலேயே அதன்மீது எனக்கு மதிப்பு.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்ட் 1909இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், குதிரைக்கு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவனுக்கான சிகிச்சை பெரும்பாலும் தந்தை வழியாகவே நடந்தது. ஆனாலும் குடும்பம் முழுவதும் ஒருசேர அமர்த்தப்படவில்லை. குழந்தை மனநல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான நேத்தன் ஆக்கர்மன்தான் அந்த அடியைத் துணிந்து எடுத்துவைத்த முன்னோடிகளில் முதன்மையானவர். 1960இல் நியூயார்க்கில் குடும்பச் சிகிச்சைக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய அவர், தன் பூசல்களை நேரில் பார்க்க முடியாத குடும்பம் ஓர் உறுப்பினரைப் பலிகடா ஆக்கிவிடுவதை விரிவாக எழுதினார்.

இது எப்படி நடக்கிறது? தன் தந்தையின் முன் வாய் திறக்கவே அஞ்சி வளர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். விழுங்கிய எதிர்ப்பு அவருக்குள் கரைந்துபோவதில்லை. மகன் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதும், தனக்கு மறுக்கப்பட்ட அந்தத் துணிச்சலை அவனிடம் கண்டு கொதிக்கிறார். அவனைச் சீண்டிச் சீண்டி மேலும் எதிர்க்க வைப்பதும் தாமே என்பதை அவர் உணர்வதில்லை. தன்னால் தாங்க முடியாத உணர்வைப் பிறர்மேல் ஏற்றி, அவரையே அதைச் சுமக்கவைக்கும் இந்த நனவிலிப் போக்கை, அதாவது தானறியாமலே நடக்கும் போக்கை, 1946இல் உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் விளக்கினார். கணவன் மனைவி சண்டைகளிலும் இதுவே இயங்குவதை மனநல மருத்துவர் ஹென்றி டிக்ஸ் 1960களில் காட்டினார்.

சிகிச்சை அறையில் இது கண்முன்னே விரியும். "உனக்கு எப்போது கோபம் வருகிறது?" என்று மகனைக் கேட்டால், அவன் வாயெடுப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல சிகிச்சையாளர் அம்மாவைக் கண்டிப்பதில்லை. "அம்மா உனக்காகப் பேசும்போது உனக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனத்தில் வெளிவருவது, வீட்டில் ஆண்டுக்கணக்கில் கத்தியும் வெளிவராத ஒன்றாக இருக்கக்கூடும்.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முறை இது என்ற குறையை அடிக்கடி கேட்கிறேன். தந்தையின் பழைய அச்சத்தையும் பரிவோடு கேட்கும் முறையை அப்படிச் சொல்வது நியாயமன்று. நீண்ட காலம் பிடிக்கும் என்பதும், பிற குடும்பச் சிகிச்சை முறைகள் சிலவற்றுக்கு உள்ள அளவுக்கு ஆய்வுச் சான்றுகள் இதற்கு இல்லை என்பதும் உண்மையான குறைகள்.

அடிதடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் எல்லோரையும் ஒன்றாக அமர்த்துவது ஆபத்து. அறையில் மனம் திறந்து பேசியவர் வீடு திரும்பியதும் அதற்காகவே அடிபடலாம். அங்கே முதல் வேலை பாதுகாப்புதான். மற்ற வீடுகளில், "நான் வரமாட்டேன்" என்று ஒருவர் மறுக்கிறார் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். வர விரும்புகிறவர்களை வைத்தே தொடங்கலாம், வராதவரைப் பற்றியும் அங்கே பேச இடமுண்டு.