மஞ்சளை எடுத்தது யாரைக் கேட்டு?

ஞாயிறு ராத்திரி செமி ஃபைனல் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். நம்ம ஊர் ஃபுட்பால் கிளப் பையன்கள், வழக்கமான மஞ்சளை விட்டுவிட்டு, கறுப்பில் இறங்கினார்கள். கறுப்புச் சட்டை, கறுப்பு நிக்கர், தங்கக் கலரில் கோடு, நெஞ்சு நிறைய ஸ்பான்சர் பெயர். மஞ்சள் எங்கே என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "டிசைன் மாத்தியாச்சு அண்ணே, புதுசா இருக்கட்டும்" என்றார் ஒரு தம்பி. இன்னொருவர், "ஜெர்சிக்கு நீங்களா காசு குடுத்தீங்க?" என்று கேட்டார். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அது இன்னும் ஆறவில்லை.

டிசைன் மாறுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காலர் வையுங்கள், எடுங்கள். கையில் கோடு போடுங்கள், முதுகில் பெயர் போடுங்கள். நிறத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மஞ்சள் சட்டை, நீல நிக்கர். அது ஊருக்குச் சொந்தமானது. கமிட்டி வரும், போகும். ஸ்பான்சர் வருவார், போவார்.

அந்த மஞ்சள் எப்படி வந்தது என்று இப்போது ஆடுகிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு பிரேசில் பைத்தியம் பிடித்து அலைந்த கூட்டம் என் சித்தப்பாவுடையது. ஜெர்சி வாங்க வழியில்லை. வெள்ளை பனியன் வாங்கி மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். நம்பர் எழுத, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட். சித்தப்பாவின் நாலாம் நம்பர் பனியன் இன்னும் பெட்டியில் இருக்கிறது. பெயிண்ட் பட்ட இடம் அட்டை மாதிரி விறைத்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்திருக்கும். ஆடி முடித்தால் முதுகில் அந்த நம்பர் உரசிய இடம் சிவந்து கிடக்குமாம். மழையில் சாயம் இறங்கி நிக்கரெல்லாம் மஞ்சளாகுமாம். அதைப் போட்டுக்கொண்டுதான் குளச்சலுக்கும் தூத்தூருக்கும் போய் ஆடினார்கள். வேன் வந்து நின்றதும் "மஞ்சச் சட்டை வந்துட்டானுவ" என்று எதிரணி ஊர்க்காரர்கள் சொல்வார்கள் என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அதுவே பிரேசிலைப் பார்த்து எடுத்ததுதானே, அதில் என்ன பாரம்பரியம்?" என்று கேட்பீர்கள். "பிரேசிலே நிறம் மாற்றிய நாடுதானே" என்றும் ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். உண்மைதான். முன்பு பிரேசில் வெள்ளையில்தான் ஆடியது. 1950 உலகக் கோப்பையில், மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்ற பிறகு அந்த வெள்ளையே வேண்டாம் என்றானது. ஆனால் எப்படி மாற்றினார்கள்? 1953இல் ஒரு நாளிதழ் போட்டி வைத்தது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் ஜெர்சியில் வர வேண்டும் என்பது நிபந்தனை. அல்டிர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞர் வரைந்ததுதான் இன்று உலகமே பார்க்கிற மஞ்சள். ஊரறியக் கேட்டார்கள், ஊரறிய மாற்றினார்கள். இங்கே யாரைக் கேட்டீர்கள்? பொதுக்கூட்டம் போட்டீர்களா? பழைய ஆட்டக்காரர்கள் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? சித்தப்பாவுக்கு ஆட்டம் பார்க்கக் கரைக்குப் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

மஞ்சள் என்றால், அதே மஞ்சளில் ஆடுகிற கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பைப் பார்த்து எடுத்தது என்று நினைத்துவிடுவார்களாம். பிளாஸ்டர்ஸ் தொடங்கியதே 2014இல். இதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

சரி, உணர்ச்சியை விடுங்கள், ஆட்டத்துக்கு வருவோம். ராத்திரி லைட்டில் கறுப்புச் சட்டையைக் கண்டுபிடிக்க முடிகிறதா? கறுப்பின் மேல் தங்கக் கலரில் நம்பர், அதற்குள் நிழல் மாதிரி ஒரு டிசைன். 6 எது, 8 எது என்று தெரியாமல் மைக்கில் சொல்கிறவரே திணறினார். என் அம்மா கடல் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, "மக்கா, நம்ம பயலுவ எந்தப் பக்கம்டே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை காலத்தில் அம்மா அப்படிக் கேட்டதே இல்லை. கத்தாரிலும் சவூதியிலும் வேலை முடித்து வந்து ஃபோனில் லைவ் பார்க்கிற நம்ம ஆட்களுக்கு முகமா தெரியும்? நிறம்தான் தெரியும். பெரிய கிளப்களுக்கே இது நடந்திருக்கிறது. 1996இல் சவுத்தாம்டனோடு சாம்பல் நிறத்தில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட், முதல் பாதியில் 3-0 என்று பின்தங்கி, இடைவேளையில் சட்டையையே மாற்றியது. கூட ஆடுகிறவர்களே கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் அன்று சொன்ன காரணம்.

"கறுப்பில்தானே ஜெயித்தோம்?" என்பார்கள். ஜெயித்தது இடது ஓரத்தில் ஓடிய அந்தப் பையனின் கால். அவன் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் அந்த கோலை அடித்திருப்பான். வேல்ஸில் இருக்கிற கார்டிஃப் சிட்டி கிளப்பும் ஜெயிக்கத்தான் செய்தது. 2012இல் முதலாளி நீலத்தைச் சிவப்பாக்கினார். அடுத்த வருடமே பிரீமியர் லீக்குக்கும் போனார்கள். அப்படியும் ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. காசு போட்ட முதலாளியே இறங்கி வர வேண்டியிருந்தது.

நம்ம கரையிலிருந்து போனவர்கள் பல நிறத்தில் ஆடவில்லையா என்று கேட்டால், ஆடுகிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று பல கிளப்களுக்கு ஆடினார். நமக்கெல்லாம் பெருமை. அது தொழில். ஊர் கிளப்பில் யாரும் சம்பளத்துக்கு ஆடவில்லை. கடலுக்குப் போய் வந்து, தூக்கமில்லாமல் ஆடுகிறார்கள். அவர்களுக்குக் கிளப் கொடுப்பது அந்தச் சட்டை ஒன்றுதான்.

ஸ்பான்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் நம்ம ஆள்தான், நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். மஞ்சளில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்? கேட்கவே இல்லை. காசு கொடுத்தவர் சொன்னால் சரி, கொடுக்காதவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற நினைப்புத்தான் என்னைச் சுடுகிறது. நான் நாகர்கோவிலில் குடியிருப்பதால் ஊர் விஷயத்தில் பேசக் கூடாதாம். என் அப்பாவை அடக்கம் செய்தது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். நான் எந்த ஊர்க்காரன் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் முடிவு செய்வாரா?

சித்தப்பா காலத்து மைதானம் இப்போது இல்லை. தெற்கு கோல்போஸ்ட் நின்ற இடத்தில் இன்று அலை அடிக்கிறது. சுவர் கட்டினார்கள், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்தோம், மணல் போனது போனதுதான். முதல் கோப்பை வைத்திருந்த கிளப் கொட்டகையும் போய்விட்டது. அந்தக் காலத்திலிருந்து கைமாறி வந்தது என்று காட்ட நம்மிடம் இருப்பது மஞ்சளும் நீலமும்தான். கடல் எடுத்ததைத் தடுக்க முடியவில்லை. இதை நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

வருகிற ஞாயிறு ஃபைனல். போன வருட மஞ்சள் செட் கிளப் அலமாரியில் துவைத்து மடித்தபடி இருக்கிறது, நானே பார்த்தேன். அதில் ஸ்பான்சர் பெயர் அச்சடிக்கிற செலவை நான் தருகிறேன். மார்த்தாண்டத்தில் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். கமிட்டி நாளைக்குள் பதில் சொல்லட்டும். குழுவில் வேண்டாம், பூசை முடிந்து ஊர் கூடி நிற்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.